செகாவின் கடிதங்களை எங்கிருந்து தொடங்குவது? கதைகளை ஒதுக்கிவிட்டு இவற்றையே படிக்கத் தோன்றுவது ஏன்?

கரையோரத்தான் (கேள்வி):

அன்புடையீர், வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளரும் மருத்துவருமான ஆன்டன் செகாவின் சிறுகதைகளையும் நாடகங்களையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் இங்கே வந்து சேர்ந்த தமிழ் நூல்களில் தொடங்கிய பழக்கம் அது. அண்மையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருடைய கடிதங்களின் ஆங்கிலத் தொகுப்பு கண்ணில் பட்டது. கான்ஸ்டன்ஸ் கார்னெட் மொழிபெயர்த்து 1920-இல் வெளிவந்த நூலின் மறுபதிப்பு. கதைகளைப் படிக்கும்போது துணைக்கு இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். இப்போது கதைத் தொகுதிகள் அலமாரியில் கிடக்க, இரவில் கடிதங்கள்தாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என்னை முதலில் பிடித்து உட்கார வைத்தது 1890-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. சைபீரியாவைக் கடக்க இரயில் பாதை இல்லாத காலம் அது. சகாலின் தீவிலுள்ள தண்டனைக் குடியிருப்புகளைப் பார்வையிடுவதற்காக, சேற்றிலும் வெள்ளத்திலும் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், மே மாத நடுவில் தோம்ஸ்க் நகரிலிருந்து வீட்டாருக்கு எழுதுகிறார். காலணி இறுக்கமாக இருந்ததால், குதிகாலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக அடிக்கடி வண்டியிலிருந்து இறங்கி ஈர மண்ணில் உட்கார வேண்டியிருந்தது; இஷிம் என்ற ஊரில் கம்பளிக் காலணி வாங்கி மாட்டிக்கொண்டு, அது சேற்றில் ஊறிப் பிய்ந்துபோகும் வரை அதிலேயே பயணம் செய்தேன் என்கிறார். வழியில் தின்ன வாங்கிய கொத்திறைச்சிக் குழலைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வாயில் வைத்தால் வண்டிக்காரர்கள் கால்துணியை அவிழ்க்கும் நேரம் பார்த்து லாயத்துக்குள் நுழைந்தது போன்ற நாற்றமாம். மெல்லத் தொடங்கினால் தார் பூசிய நாய்வாலைக் கடித்தது போல இருந்ததாம். அதே கடிதத்தில் இர்திஷ் ஆற்றங்கரை இரவும் வருகிறது. தண்ணீருக்கு அடியில் யாரோ சவப்பெட்டிக்கு ஆணி அடிப்பது போன்ற ஓசை அந்த ஆற்றிலிருந்து எழுந்தது என்கிறார். நாய்வாலுக்கும் சவப்பெட்டிக்கும் நடுவே சில பக்கங்கள்தாம். இந்தத் தாவலை அவருடைய கதைகளில்கூட நான் இவ்வளவு நெருக்கமாகக் கண்டதில்லை.

என் கேள்விகளுக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்த தொகுப்பு போதுமா, அல்லது முடிந்தவரை முழுமையான பதிப்பைத் தேடிப் படிக்க வேண்டுமா? கால வரிசையில் போவதா, பெறுநர் வாரியாகப் போவதா? இன்னொன்றும் உறுத்துகிறது. இது பிறர் வீட்டு அஞ்சலைப் பிரித்துப் படிக்கும் சுவைதானே, இதை இலக்கிய வாசிப்பு என்று எதற்காகச் சொல்லிக்கொள்கிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சரியான விடை சொல்ல முடியவில்லை. இதில் ஊறியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி:

கரையோரத்தான் அவர்களுக்கு, கால வரிசையே சரி என்பது என் உறுதியான கருத்து. அதிலும் 1886 மார்ச்சிலிருந்து தொடங்குங்கள் என்பேன். முந்தைய ஆண்டுகளின் கடிதங்களில் வேடிக்கை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நகைச்சுவை இதழ்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். வரிக்கு இத்தனை கோபெக், இத்தனை வரிக்கு மேல் போகக் கூடாது, பணம் எப்போது வரும் என்பவை. அவற்றைப் புரட்டிக்கொண்டே வந்துவிடலாம்.

1886 வசந்தத்தில் நடப்பதைப் பாருங்கள். மூத்த எழுத்தாளரான கிரிகரோவிச், உங்களுக்கு அரிய திறமை இருக்கிறது, அவசரமாக எழுதி அதை வீணாக்காதீர்கள் என்று தாமாகவே எழுதுகிறார். மார்ச் 28-இல் செகாவ் விடை எழுதுகிறார். உங்கள் கடிதம் மின்னலைப் போல என்னைத் தாக்கியது, இதுவரை எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை, நீங்கள் விரும்பிப் படித்த ‘வேட்டைக்காரன்’ கதையைக் குளியல் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினேன் என்று இருபத்தாறு வயது இளைஞர் திணறுகிறார். அதே மாதத்தில்தான் ஓவியரான அண்ணன் நிகலாய்க்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் போகிறது. பண்பட்ட மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அதில் எட்டு விதிகளை எண்ணிட்டு அடுக்குகிறார். இணையத்தில் அந்த எட்டை மட்டும் வெட்டி எடுத்து அறநூல் போலப் பரப்புகிறார்கள். கடிதத்தின் முடிவை அவர்கள் சேர்ப்பதில்லை: எங்களிடம் வந்துவிடு, வோட்கா குடுவையைப் போட்டு உடை, படுத்துக்கொண்டு ஏதாவது படி, நீ படித்தே இராத துர்கேனிவையாவது படி. குடியில் கரைந்துகொண்டிருந்த அண்ணனுக்குத் தம்பி எழுதிய கடிதம் அது. நிகலாய் 1889-இல் காசநோயால் இறந்துவிட்டார் என்பதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், அந்த எட்டு விதிகளின் குரலே மாறிவிடும்.

கிரிகரோவிச்சுக்கு விடை எழுதிப் பத்து நாள்கள்கூட ஆகவில்லை, ஏப்ரல் 6-இல் லெய்கின் என்ற இதழாசிரியருக்கு எழுதும்போது இரத்தம் துப்புவதாக ஒரு வரி வருகிறது. மே 10-இல் மூத்த அண்ணன் அலெக்சாந்தருக்குக் கதை எழுதும் கலையைப் பற்றிய கடிதம். இலக்கிய வரலாற்றில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு அத்தியாயங்களில் வரும். கடிதத் தொகுப்பில் அவை அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன. பாராட்டு, அண்ணனின் குடி, இரத்தம், கலை எல்லாம் ஒரே மனிதருக்கு ஒரே சமயத்தில் நடந்தவை என்பது அப்போதுதான் உறைக்கிறது. நான் கண்ட முதன்மையான இன்பம் இதுதான். வாழ்க்கை வரலாறு எழுதுபவர் பொருள் வாரியாகப் பிரித்து வைத்துவிடுவார், கடிதங்கள் பிரிப்பதில்லை.

எழுதுபவருக்குத் தெரியாதது படிப்பவருக்குத் தெரிந்திருப்பது இரண்டாவது இன்பம். 1895 மார்ச்சில் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதும்போது, திருமணம் செய்துகொள்ளத் தயார், ஆனால் எல்லாம் இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும், அவள் மாஸ்கோவில் இருக்கட்டும், நான் கிராமத்தில் இருப்பேன், நிலாவைப் போல தினமும் என் வானத்தில் தோன்றாத மனைவி வேண்டும் என்று கேலியாக நிபந்தனை போடுகிறார். 1901-இல் நடிகை ஓல்கா நிப்பரை மணந்தார். நாடகக் கம்பெனிக்காக அவர் மாஸ்கோவில். நோய்க்காக இவர் கிரிமியக் கடற்கரை ஊரான யால்டாவில். கேலியாகக் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. பிறகு யால்டாவிலிருந்து ஓல்காவுக்குப் போகும் கடிதங்களில் அவர் படும் தவிப்பைப் பார்க்கும்போது அந்த நிலா மறுபடி மறுபடி நினைவுக்கு வருகிறது. அவரே அதை நினைவில் வைத்திருந்தாரா என்பதற்குக் கடிதங்களில் சான்று எதையும் நான் பார்க்கவில்லை.

‘கடற்பறவை’ நாடகம் 1896 அக்டோபர் 17-இல் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைகிறது. மறுநாளே, இனி ஒருபோதும் நாடகம் எழுத மாட்டேன் என்று சுவோரினுக்கு எழுதிவிட்டு ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார். நான்கு நாள்கள் கழித்து, 22-ஆம் தேதி, மெலிகோவோ வீட்டிலிருந்து அதே சுவோரினுக்கு இன்னொரு கடிதம்: வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெய் குடித்தேன், குளிர்ந்த நீரில் உடம்பைக் கழுவினேன், இப்போது இன்னொரு நாடகமே எழுதலாம். தோல்வியிலிருந்து மீள்வது பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியுமா என்று தெரியவில்லை.

மருந்துச்சீட்டு:

மருத்துவத் தொழிலில் இருப்பவள் என்பதால் எனக்கு இந்தக் கடிதங்கள் வேறு விதத்தில் பிடித்துப்போயின. ‘மருத்துவம் என் மனைவி, இலக்கியம் என் காதலி’ என்று அவர் 1888 செப்டம்பரில் சுவோரினுக்கு எழுதியது எங்கள் வட்டாரத்தில் எல்லாக் கூட்டங்களிலும் ஒலிக்கும் மேற்கோள். எனக்கு அதைவிட அடுத்த மாதம், அக்டோபர் 14-இல், அவருக்கே எழுதியது முக்கியம். அது நோயாளியும் மருத்துவரும் ஒருவரே ஆகிவிட்ட கடிதம். இரத்தம் எப்போது முதலில் வந்தது, எத்தனை நாள் நீடித்தது, எந்தப் பருவத்தில் திரும்ப வருகிறது என்று நோய்க்குறிப்பு எழுதுவது போலச் சொல்லிவிட்டு, காசநோயை ஓர் அறிகுறியால் மட்டும் முடிவு செய்ய முடியாது, பல அறிகுறிகள் சேர்ந்து வர வேண்டும், என்னிடம் அந்தச் சேர்க்கை இல்லை என்று வாதிடுகிறார். வாதம் பாடநூலுக்குப் பொருந்துகிறது. ஆனால் அதே கடிதத்தில், வாயிலிருந்து வழியும் இரத்தத்தில் தூரத்துத் தீயின் செவ்வொளியைப் போல ஏதோ தீக்குறி இருக்கிறது என்று ஒரு வரி நழுவி விழுகிறது. மருத்துவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுத்தாளர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

1886-இல் லெய்கினுக்கு எழுதியதை நெடுவழி குறிப்பிட்டார். அதில், சக மருத்துவர்களிடம் உடம்பைக் காட்டப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். 1897 மார்ச்சில் மாஸ்கோ உணவகம் ஒன்றில் சுவோரினோடு சாப்பிட உட்கார்ந்தபோது இரத்தம் பெருகி மருத்துவமனையில் சேர்க்கப்படும் வரை, பத்தாண்டுகளுக்கு மேல், முறையான பரிசோதனைக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொள்ளவில்லை. இதற்கிடையில் ஊரார் உடம்பையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். 1892-இல் காலரா பரவியபோது, இருபத்தைந்து கிராமங்கள், நான்கு ஆலைகள், ஒரு மடாலயம் என் பொறுப்பில் இருக்கின்றன என்று எழுதுகிறார். இப்படிப்பட்ட நோயாளிகளை எங்கள் தொழிலில் நாங்கள் நன்றாக அறிவோம். கண்ணாடியில் பார்த்தால் போதும்.

பெறுநர் வாரியாகப் படிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வரிசையாகவே படியுங்கள். ஆனால் கடைசி ஆண்டுக்கு வரும்போது ஒவ்வொரு கடிதமும் யாருக்கு என்று பார்த்துக்கொண்டு படியுங்கள். 1904 ஜூனில் ஜெர்மனியின் பாடன்வைலர் நகரிலிருந்து அம்மாவுக்கு எழுதுகிறார்: உடம்பு தேறி வருகிறது, இன்னும் ஒரு வாரத்தில் முழுக்கக் குணமாகிவிடுவேன். ரஷ்யப் பழைய நாள்காட்டிப்படி அது 13-ஆம் தேதி. அடுத்த மாதம் 2-ஆம் தேதி இறந்துபோனார். அம்மாவுக்கு எழுதியது பொய் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வயதான தாய்க்கு மகன் எழுத வேண்டியதை எழுதியிருக்கிறார். தங்கை மரியாவுக்கு ஜூன் 28-இல் எழுதியதுதான் கடைசிக் கடிதம். தாங்க முடியாத வெயில், மூச்சு வாங்குகிறது, ஊருக்கு எந்தக் கப்பலில் திரும்பலாம் என்ற யோசனை, ஃபிளானல் துணியில் உடுப்பு தைக்கக் கொடுக்க ஓல்கா ஃபிரைபர்க் போயிருக்கிறாள் என்ற செய்தி. முடிவில், இங்கே ஒழுங்காக உடுத்திய ஒரு ஜெர்மானியப் பெண்ணைக்கூடக் காணோம், இரசனையே இல்லை என்ற சலிப்பு. நான்கு நாள்களில் உயிர் போகப் போகிறவர் சேலைக்கடை வாசலில் நிற்கும் அத்தையைப் போலக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். மரணத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கக்கூடிய எந்தத் தத்துவத்தையும்விட எனக்கு இந்த வரி பிடித்திருக்கிறது.

எதிர்வாதி:

மகிழ்ச்சியில் சேர்ந்துகொள்வதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது உரையாடலின் ஒரு பாதி. மேலே இருவரும் திரும்பத் திரும்பச் சுவோரினைக் குறிப்பிட்டார்கள். செகாவ் இறந்த பிறகு, தாம் அவருக்கு எழுதிய கடிதங்களைச் சுவோரின் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அவை யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே செகாவின் மிகச் சிறந்த கடிதங்கள் எதற்கு விடையாக எழுதப்பட்டனவோ அது நம்மிடம் இல்லை. ‘நீங்கள் சொல்வது சரிதான்’ என்று செகாவ் தொடங்கும்போது சுவோரின் என்ன சொன்னார் என்று ஊகிக்கத்தான் முடியும். இது குறை என்றாலும், அந்த ஊகத்திலும் ஒரு ருசி இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

அந்த நட்பே ஒரு சிக்கல். சுவோரினின் ‘நோவயே விரேமியா’ நாளேடு பிற்போக்கானது, யூதர்களுக்கு எதிரானது. 1898 தொடக்கத்தில் பிரான்சின் நீஸ் நகரில் தங்கியிருந்த செகாவ், யூத இராணுவ அதிகாரி ஒருவர் மேல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட டிரைஃபஸ் வழக்கின் ஆவணங்களைப் படித்துவிட்டு, அந்த அதிகாரிக்காக வாதாடிய பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவுக்கு ஆதரவாகப் பிப்ரவரி 6-இல் சுவோரினுக்கு எழுதிய நீண்ட கடிதத்தை அவசியம் படியுங்கள். எழுத்தாளரின் வேலை குற்றம் சாட்டுவதும் துரத்துவதும் அன்று. குற்றவாளிகளுக்காகவும் பரிந்து பேசுவதுதான் என்பது அதன் சாரம். நண்பரின் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தைகள். அதற்குப் பின் அந்த உறவில் பழைய சூடு இல்லை. அரசியல் சார்பே இல்லாத மென்மையான மருத்துவர் என்று செகாவைப் பற்றி நமக்கு ஒரு சித்திரம் பதிந்திருக்கிறதே, அதை உடைக்க இந்த ஒரு கடிதம் போதும்.

அடுத்தது தணிக்கை. தங்கை மரியா 1912-க்கும் 1916-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாகக் கடிதங்களை வெளியிட்டபோது, குடும்ப மானத்தைக் கருதி நிறைய விட்டுவிட்டார். 1974 முதல் 1983 வரை வெளிவந்த முப்பது தொகுதி சோவியத் பதிப்பில் பன்னிரண்டு தொகுதிகள் கடிதங்களுக்கே ஒதுக்கப்பட்டன. குறிப்புகளில் அதன் உழைப்பு அசாத்தியமானது. ஆனாலும் கெட்ட வார்த்தைகளும் உடலுறவு பற்றிய பேச்சும் வெட்டப்பட்டு, அந்த இடங்களில் புள்ளிகள் மட்டும் நிற்கின்றன. சைபீரியப் பயணத்தில் ஒரு ஜப்பானியப் பெண்ணோடு கழித்த இரவைப் பற்றிய பத்தி அப்படிக் காணாமல் போனவற்றில் ஒன்று. துறவியைப் போன்ற செகாவை உருவாக்கியதில் கத்தரிக்கோலுக்குப் பெரிய பங்கு உண்டு.

‘பிறர் அஞ்சல்’ என்ற உங்கள் நண்பரின் கேள்விக்கு: தம்மைப் பற்றி எழுதுவதைச் செகாவ் வெறுத்தார். மருத்துவக் கல்லூரித் தோழர் ரசலீமா தன்வரலாற்றுக் குறிப்பு கேட்டபோது, எனக்குத் ‘தன்வரலாற்று அச்சம்’ என்ற நோய் இருக்கிறது என்று 1899-இல் எழுதினார். அதே மனிதர் தமக்கு வந்த கடிதங்களை ஆண்டு முடிவில் அனுப்பியவர் வாரியாகப் பிரித்துக் கட்டி வைத்தவர். என் முடிவு இது: அச்சேறும் என்று தெரிந்திருந்தால் அவர் இப்படி எழுதியிருக்க மாட்டார், அப்படி எழுதாதிருந்தால் நாம் படிக்கவும் மாட்டோம். ஒட்டுக்கேட்கும் குற்ற உணர்வு இதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. அந்த உணர்வோடு படிக்கலாம், தப்பில்லை.

தேயிலைத்தூறல்:

வணக்கம். இலங்கையின் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டைப் பற்றி அக்கடிதங்களில் வருவதை யாரும் குறிப்பிடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகாலினில் மூன்று மாதங்கள் இருந்து, கைதிகளையும் குடியேறிகளையும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஏறத்தாழ பத்தாயிரம் அட்டைகளை நிரப்பிய பிறகு, 1890 அக்டோபரில் செகாவ் கடல் வழியாக ஊர் திரும்புகிறார். ஹொங்கொங், சிங்கப்பூர், பிறகு கொழும்பு. மாஸ்கோ சேர்ந்ததும் டிசம்பர் 9-இல் சுவோரினுக்கு எழுதும்போது, சகாலின் எனக்கு நரகமாகத் தெரிகிறது, சொர்க்கம் இருந்த இடம் இலங்கை என்கிறார். புகையிரதத்தில் நூறு வெர்ஸ்ட்டுக்கு மேல் போனதாகவும், தென்னந்தோப்புகளையும் வெண்கல நிறப் பெண்களையும் கண்குளிரப் பார்த்ததாகவும் எழுதுகிறார். வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்தப் பயணம் கண்டிக்கு.

அந்த வரிகளை இங்கே சுற்றுலாக் கட்டுரைகளில் பெருமையோடு எடுத்துப் போடுகிறார்கள். எனக்கோ அவை எப்போதும் இரண்டு மனமாக இருக்கும். 1890 என்றால் கோப்பி அழிந்து தேயிலை ஏறிவந்த காலம். தமிழகத்திலிருந்து நடத்தியும் கப்பலேற்றியும் கொண்டுவரப்பட்ட எங்கள் மூதாதையர்கள் மலைகளில் லயன் அறைகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தார்கள். தண்டனைத் தீவில் ஒவ்வொரு குடிசைக்குள்ளும் குனிந்து நுழைந்து, பெயர் என்ன, வயது என்ன, எந்த ஆண்டில் வந்தாய் என்று கேட்டவர், இங்கே சில நாள்களே தங்கி, வண்டிச் சன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் சொர்க்கம் என்று எழுதிவிட்டார். அதே கடிதத்தில் ஹொங்கொங்கைப் பற்றி எழுதியதையும் பாருங்கள். ரிக்‌ஷாவில் ஏறியதை, மனிதர்கள் மேல் ஏறிப் போனேன் என்று சொல்கிறார். கூட வந்த ரஷ்யர்கள் ஆங்கிலேயர் சுரண்டுவதாகத் திட்டியபோது, ஆம், சுரண்டுகிறார்கள், ஆனால் சாலையும் குழாய்த் தண்ணீரும் அருங்காட்சியகமும் தருகிறார்கள், நீங்களும்தான் சுரண்டுகிறீர்கள், என்ன தருகிறீர்கள் என்று தம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டதாக எழுதுகிறார். எங்களுக்கு உவப்பான பேச்சு இல்லை. ஆனாலும் அது தம் நாட்டு அரசின் மேல் இருந்த கோபம் என்பது விளங்குகிறது.

இதற்காக அவரைக் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை எழுதும் செகாவ் வேறு. நரகத்தைப் பார்த்துவிட்டு வந்து, வெயிலையும் பச்சையையும் கண்டு திளைத்து, நண்பரிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளும் முப்பது வயது ஆண் வேறு. கடிதத்தில் இரண்டாமவரும் கிடைக்கிறார். அச்சில் வந்த சகாலின் நூலை மட்டும் படித்திருந்தால் எங்கள் மலைகளை அவர் எப்படிப் பார்த்தார் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. அவரிடம் கோபித்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்திருக்காது.

கீரிப்பிள்ளையைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்பில் வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். எலியும் முதலையும் புலியும் குரங்கும் கலந்த பிராணி என்று அதைப் பற்றி லெய்கினுக்கு எழுதுகிறார். பாத்திரங்களை உடைத்து, மேசை மேல் குதித்து, எல்லாப் பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்து வீட்டாரைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. கீரி என்று சொல்லி விற்கப்பட்ட இன்னொன்று உண்மையில் மரநாய். யாரோ ஒரு கொழும்பு வியாபாரி உலக இலக்கியத்தின் மேதை ஒருவரைச் சுலபமாக ஏமாற்றிவிட்டார். கடைசியில் கீரி மாஸ்கோ விலங்குக் காட்சிச்சாலைக்குப் போனது.

கடலில் இறந்தவர்களைச் சாக்கில் தைத்துத் தண்ணீரில் விட்டதை அந்தப் பயணத்தில்தான் பார்த்தார். ‘கூசெவ்’ கதை அதிலிருந்து வந்தது. இலங்கையில் கருக்கொண்ட கதை, ஆகவே வேண்டுமானால் அழகுக்காகக் கீழே ‘கொழும்பு, நவம்பர் 12’ என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சுவோரினுக்கு எழுதுகிறார். அந்தக் கதையின் அடியில் எங்கள் ஊரின் பெயரைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை.

பிழைதிருத்தி:

எழுத்துத் தொழில் சார்ந்து ஒரு சிறு சேர்க்கை. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் நான். பிறருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிச் செகாவ் எழுதியவற்றைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

1899 செப்டம்பர் 3-இல் கார்க்கிக்கு எழுதியதில் ஒரு செய்முறையே இருக்கிறது. ‘மனிதன் புல்லில் உட்கார்ந்தான்’ என்று எழுதினால் உடனே புரிகிறது, கவனம் சிதறுவதில்லை. ‘நெடிய, ஒடுங்கிய மார்புடைய, நடுத்தர உயரமுள்ள, செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன், வழிப்போக்கர் கால்பட்டு நசுங்கிய பச்சைப் புல்லில், ஓசையின்றி, அச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தபடி உட்கார்ந்தான்’ என்றால் மூளை திணறுகிறது. கதை நொடியில் மனத்தில் பதிய வேண்டும் என்கிறார். நீள வாக்கியத்தை அவரே வேண்டுமென்றே கெடுத்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நெடியவன் எப்படி நடுத்தர உயரமாக இருப்பான்? அவசரமாக எழுதிய கடிதத்தில்கூட அந்தக் குறும்பு நிற்கவில்லை.

அவிலோவா என்ற எழுத்தாளருக்கு 1892-இல் தந்த அறிவுரை இன்னும் கடினமானது. துயரப்படுகிறவர்களைக் காட்டும்போது நீங்கள் குளிர்ந்து இருங்கள், அப்போதுதான் அவர்களுடைய துயரத்துக்கு ஒரு பின்புலம் கிடைக்கும் என்றார். நெடுவழி குறிப்பிட்ட 1886 மே கடிதத்தில், நிலவொளி இரவைக் காட்ட நிலவை வருணிக்காதே, ஆலை அணையின் மேல் உடைந்த புட்டியின் கண்ணாடித் துண்டு ஒரு சிறு விண்மீனைப் போல மின்னுவதைக் காட்டு என்று அண்ணனுக்குச் சொல்கிறார். பத்து ஆண்டுகள் கழித்து அந்த உடைந்த புட்டி, இம்முறை அதன் கழுத்தாக, ‘கடற்பறவை’ நாடகத்தில் வருகிறது. அங்கே அதைச் சொல்பவன் திரெப்லேவ் என்ற இளம் எழுத்தாளன். புகழ்பெற்ற எழுத்தாளனான திரிகோரினுக்கு அந்த உத்தி கைவந்துவிட்டது, புட்டிக் கழுத்தும் ஆலைச் சக்கரத்தின் நிழலும் போட்டால் அவனுக்கு நிலவிரவு தயார் என்று பொறாமையோடு சொல்கிறான். தாம் அண்ணனுக்குக் கற்பித்த பாடத்தையே பிறகு ஒரு பாத்திரத்தின் வாயில் ஏளனமாக வைத்துவிட்டார். கடிதத்தைப் படிக்காதவருக்கு நாடகத்தின் அந்த இடம் சாதாரணமாகக் கடந்து போகும்.

கரையோரத்தான்:

அனைவருக்கும் நன்றி. எதிர்வாதி சொன்ன ஒரு பாதி உரையாடல் என்பதும், தேயிலைத்தூறல் சொன்ன கோபித்துக்கொள்ளும் உரிமை என்பதும் என் நண்பருக்குச் சொல்ல வேண்டிய விடைக்கு மிக அருகில் இருக்கின்றன. அஞ்சலைப் பிரித்துப் படிப்பவன் செய்தியைத் தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுவான். நானோ அந்த வண்டிப் பாதையில் குதிகால் வலியோடு உட்கார்ந்திருக்கிறேன். நூற்றாண்டுக்கு முன் தின்று தீர்ந்த இறைச்சிக்காக முகம் சுளிக்கிறேன். நண்பரிடம் இதற்கு மறுமொழி ஏதாவது இருக்கும், நாளை கேட்டுப் பார்க்கிறேன்.

பதிப்பு பற்றி மட்டும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் கார்னெட் தொகுப்பு போதுமா?

எதிர்வாதி:

தொடங்குவதற்குப் போதும். சைபீரியக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த மொழிபெயர்ப்பின் ஓட்டம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. காப்புரிமை தீர்ந்துவிட்டதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 1920-இன் நூல், குடும்பத்தார் முன்பே வடிகட்டித் தந்ததை நம்பியிருப்பது. அடுத்த படியாக, மைக்கேல் ஹென்றி ஹைம் மொழிபெயர்ப்பில் சைமன் கார்லின்ஸ்கி குறிப்புகளோடு 1973-இல் வந்த தொகுப்பைத் தேடுங்கள். கார்லின்ஸ்கியின் குறிப்புகள் சண்டைக்காரக் குறிப்புகள். கடிதங்களுக்கு இணையாக அவற்றையும் இரசிக்கலாம். வெட்டுகள் இல்லாத பாடம் வேண்டுமானால், ரோசமண்ட் பார்ட்லெட், அந்தோணி பிலிப்ஸ் இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்துப் பெங்குவின் 2004-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. ஓல்காவுக்கு எழுதியவற்றை மட்டும் தனியாக ஒரு முறை, அவர் எழுதிய பதில்களோடு சேர்த்துப் படியுங்கள். அந்த உரையாடலில் இரண்டு பாதிகளும் கிடைக்கின்றன. ‘வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்கிறாய், அது கேரட் என்றால் என்ன என்று கேட்பது போல, கேரட் கேரட்தான், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது’ என்று 1904 ஏப்ரலில் அவர் எழுதியது ஓல்காவுக்குத்தான்.